கிணற்றின் மேல் அடுக்கு

என் மகளின் வாய்க்குள் எவ்வளவு மண் போனது? ஒரு சிட்டிகையா, ஒரு பிடியா? புனேக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் எனக்குப் பதில் தெரியாது. அது நடந்தபோது நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு வறண்ட கிணற்றுக்குள் ஏணியில் நின்றுகொண்டு, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் பெய்த மழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஏரியிலும் ஆற்றோரத்திலும் சேறு அடுக்கடுக்காகப் படிகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தக் காலத்து மரங்களின் மகரந்தம், விதை, இலையின் தடம் சிக்கிக்கொள்கிறது. நீர் விரும்பும் மரங்களின் மகரந்தம் நிறைய இருந்தால் அது நல்ல மழை பெய்த காலம். புல்லும் முள்செடியுமாக இருந்தால் வறட்சி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர், "அதெல்லாம் சரி, வேலை பர்மனென்ட்டா?" என்பார். இல்லை. நான் ஆராய்ச்சி மாணவி.

பிறந்தது குடியாத்தத்தில், லுங்கித் தறி ஓடும் வீட்டில். கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறேன். மகள் மகிழுக்கு ஒன்றரை வயது, தாய்ப்பாலை இன்னும் மறக்கவில்லை. ஐந்து நாள் களப்பணிக்கு அவளை விட்டுவிட்டுப் போவதா, தூக்கிக்கொண்டு போவதா என்று இரண்டு வாரம் யோசித்தேன். விட்டுவிட்டுப் போனால் நல்ல அம்மா இல்லை. தூக்கிக்கொண்டு போனால் நல்ல ஆராய்ச்சியாளர் இல்லை. "குழந்தையோடு களத்துக்கா?" என்று என் நெறியாளர் புருவத்தை உயர்த்தினார். அவருடைய பிள்ளைகள் அவர் மலை மலையாக அலைந்த காலத்தில்தான் பிறந்து வளர்ந்தார்கள். அவரைப் பார்த்து யாரும் புருவத்தை உயர்த்தியிருக்க மாட்டார்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் என் தங்கை கலை லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவளுடைய அறையில் தங்கினோம்.

முதல் நாள் போனது காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரிக்கு. சேற்றில் இறக்கி மண் எடுப்பதற்காக நான்கு பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். நடத்துநர் என்னையும், குழந்தையையும், குழாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாமா, போர் போட வந்தீங்களா?"

"எங்கக்கா சேத்தப் படிக்குது சார்" என்றாள் கலை.

"படிச்சா சேறு பேசுமா?"

"பேசும்" என்றேன் நான், வீம்பாக.

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் வாங்கிடுங்க."

பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். கொடுத்த கையோடு, இந்த வெயிலில் பச்சைப்பிள்ளைக்குத் தொப்பி போடாமல் வந்ததற்கு என்னைத் திட்டவும் ஆரம்பித்தார். புனேயில் இடமும் தர மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். எது மேல் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தொப்பி பைக்குள்தான் இருந்தது. எடுத்துப் போட்டால் அவர் சொன்னதற்காகப் போட்டது போல் ஆகிவிடும் என்று போடாமல் இருந்தேன். பிறகு மகிழின் நெற்றி சிவந்ததைப் பார்த்துப் போட்டேன். பேருந்து ஊருக்குள் போகாது என்று சொல்லி, எங்களைப் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நிழலே இல்லாத ரோட்டில் ஒரு குழந்தை, நான்கு குழாய், இரண்டு பெண்கள்.

அந்த ஏரியை இரண்டு வருடமாகச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். எந்த மாதம் வற்றும், எந்த மூலையில் சேறு ஆழம் என்றெல்லாம் தெரியும். கரை மேல் ஏறிப் பார்த்தபோது அந்த மூலையில் ஒரு ஜேசிபி நின்றிருந்தது. பின்னால் வரிசையாக டிராக்டர்கள். ஏரியின் அடிப்பகுதியைக் கேக் வெட்டுவது போலக் கட்டம் கட்டமாக வெட்டியிருந்தார்கள். நான் தேடி வந்த காலம் முழுவதும் டிரெய்லரில் ஏறி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் போய்ச் சத்தம் போட்டேன். டிராக்டர் ஓட்டிய மனிதர் இறங்கி வந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பொறுமையாகக் காட்டினார். முறையான அனுமதி. வண்டல் அடித்தால் உரம் கம்மியாகப் போட்டால் போதும், ஏரியிலும் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்று எனக்கு விளக்கினார். அத்தனையும் உண்மை. அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

நெறியாளருக்குப் போன் செய்தேன். போகும் முன் ஏன் விசாரிக்கவில்லை என்று இந்தியில் கேட்டார். வேறு இடம் பார், வெறுங்கையோடு வராதே என்றார். பக்கத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் ஏரிக் கெண்டை மீன் குழம்பு கிடைத்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். காரம் என்று மெஸ்கார அம்மா நினைத்துக்கொண்டு தயிர் கொண்டுவந்து வைத்தார்.

ஆம்பூருக்குத் திரும்பும் வழியில்தான் கலை அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் மாமனாருக்குப் பாலாற்றோரத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. பழைய கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் வரவில்லை. கறுப்புக் களிமண் வந்தது, உடைத்தால் உள்ளே இலை இலையாக இருந்ததாம். "அத வெச்சி உனக்கு ஏதாவது ஆவுமா?" என்று கேட்டாள். இரண்டு வருடமாக நான் தேடிய ஏரி போன நாளில், என் தங்கை சீட்டில் சாய்ந்துகொண்டு இதைச் சொல்கிறாள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவள் மேலும் கோபப்பட்டேன்.

இரண்டாம் நாள். ஆம்பூரில் காலை பதினோரு மணிக்கே பிரியாணி தட்டில் விழுகிறது. சீரகச் சம்பா, பக்கத்தில் கத்திரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி. புனேயில் பிரியாணி என்ற பெயரில் எதையோ ஆக்கி, அதில் உருளைக்கிழங்கைப் போட்டுக் கொடுப்பார்கள். நான் அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுப் பழகியவள். மகிழுக்கு மசாலா இல்லாத சோறு நான்கு வாய். ஆட்டோ ஓட்டி வந்த பாய், அந்தப் பாதையில் குழி ஜாஸ்தி, வண்டிக்குப் பேஜார் என்று வழி முழுக்கப் புலம்பினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் எல்லோரும் எங்களை அறியாமலே மூக்கை மூடினோம். பாய் மட்டும் மூடவில்லை. பச்சைத் தோலின் வாடை, அதோடு ஏதோ மருந்து வாடை. நான் பிறந்ததே இந்தப் பக்கம்தான், எனக்கு அது புதிதில்லை. பல வருடம் கழித்து, கைக்குழந்தையோடு முகர்ந்தபோதுதான் அது ஏதோ ஒன்றின் வாடை என்பதே எனக்கு உறைத்தது.

தோப்பின் சொந்தக்காரர் பெயர் முனிரத்தினம். அறுபது வயதிருக்கும். அதிகம் பேசாதவர், பேசினால் குத்துவது போல் பேசுபவர். அவருடைய மனைவி வள்ளியம்மா. மருமகள் கம்பெனிக்குப் போய்விடுவதால் பேத்தி தனு பகல் முழுவதும் இவர்களோடுதான். இரண்டரை வயது. வந்த ஐந்தாவது நிமிடத்தில் மகிழின் தொப்பி தனுவின் தலையில் இருந்தது.

கிணறு பெரியது. பாதி வரை கல் படி, அதற்குக் கீழே இரும்பு ஏணி. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வெட்டு. அடியில் கறுப்புக் களி. அதன் மேல் கூழாங்கல் கலந்த மணல், அது ஒரு பெருவெள்ளம். அதற்கு மேல் பழுப்பு வண்டல். எல்லாவற்றுக்கும் மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு, சாம்பலும் நீலமுமாக ஒரு நிறம். அதில் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

மண் எடுக்க முனிரத்தினம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். முன்பு ஒருமுறை யாரோ வந்து மோட்டார் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். பிறகு அந்தப் பக்கத்துத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பேப்பரில் ஊர்ப்பெயரோடு வந்தது. அந்த வருடம் தேங்காய் வியாபாரியின் வண்டி தோப்புக்குள் வரவில்லை.

"தோல் ஷாப்பு ஒரு நாள் மூடல. எங்க தேங்காதான் மூடிச்சி" என்றார். தோல் பதனிடும் ஆலையை இந்தப் பக்கம் ஷாப்பு என்பார்கள்.

நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். 'இந்தக் கிணற்றிலிருந்து எடுக்கும் மண்ணைப் பழங்காலத்து மழையையும் மரங்களையும் அறிய மட்டுமே பயன்படுத்துவேன். வேறு எந்தச் சோதனைக்கும் தர மாட்டேன்.' கையெழுத்து, தேதி. எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எங்கள் துறையில் மேல் அடுக்கு யாருக்கும் வேண்டாம். உழவு, உரம், கழிவு எல்லாம் கலந்தது அது. அதை நாங்கள் ஒதுக்கிவிடுவோம். என் நோட்டில் அந்த நீலச்சாம்பல் அடுக்குக்கு நேரே, 'கலங்கியது. விலக்குக' என்று எழுதி வைத்தேன். அந்தக் கடைசிச் சொல்லை இப்போது பார்த்தாலும் எனக்கு எரிகிறது. எந்த அடுக்கு படிந்த காலத்தில் இந்த மனிதர்கள் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றார்களோ, அந்த ஓர் அடுக்கு மட்டும்தான் எனக்குத் தேவையில்லை.

முனிரத்தினம் ஒரு தகர டப்பாவில் கற்பூரம் ஏற்றிக் கயிற்றில் இறக்கினார். அணையவில்லை, காற்று இருக்கிறது, இறங்கலாம் என்றார். அன்று அரை மணி நேரம் மட்டும் இறங்கிப் பார்த்தேன். கறுப்புக் களியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து மேலே வைத்துப் பிளந்தேன். உள்ளே ஒரு முழு இலை. நரம்பு நரம்பாக, நேற்று விழுந்தது போல. முனிரத்தினம் குனிந்து பார்த்தார். நீர்மருது போல இருக்கிறதே என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் பழக்கம்.

"அப்ப இங்க வருஷம் பூரா தண்ணி நின்னுக்குது" என்றார். பிறகு, "அப்ப யாரும் ஷாப்புக்கு லைசென்சு குடுக்கல, அதான்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசினேன். கலையிடமும் வள்ளியம்மாவிடமும் அந்தக் கறுப்புக் கட்டியை நீட்டிக்கொண்டு, "இதும்மேல மனுஷன் கை பட்டதே இல்ல. இதவிடச் சுத்தமான மண்ணு இந்தப் பக்கத்துலயே கெடையாது" என்றேன். வள்ளியம்மா அதை வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையிலேயே இறங்கினேன். மண் எடுக்கும் முன் வெட்டுச் சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் முறை. வெளியில் காய்ந்து கிடக்கும் தோலைக் கொத்தனார் கரணையால் மேலிருந்து கீழாகச் சீவிவிட்டால்தான் உள்ளே இருக்கும் உண்மையான அடுக்கு தெரியும். சீவிய மண் கூடையில் மேலே போகும். முனிரத்தினம் இழுப்பார், வள்ளியம்மா கொண்டுபோய்க் கொட்டுவார். எங்கே கொட்டுவது என்று அவர் மேலிருந்து கேட்டார். எங்கேயாவது ஓரமாக என்றேன். அவர் தென்னை நிழலில் கொட்டினார். மேலிருந்து சீவியதால் நீலச்சாம்பல் மண் முதலில் போனது. கறுப்புக் களி கடைசியில் போய் அதன் மேல் விழுந்தது.

பதினொரு மணி இருக்கும். சுத்தம் செய்த சுவரிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஈயத்தாளில் சுற்றி, எது மேல் எது கீழ் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். மேலே இரண்டு குழந்தைகளும் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அழுதால்தானே கவலை, சிரிக்கிறார்களே என்று நினைத்தேன். பிறகு கலையின் குரல்.

"அக்கா, கொஞ்சம் மேல வா."

கத்தவில்லை. அதனால்தான் பயந்தேன்.

ஏறி வந்தபோது மகிழ் அந்த மண் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனு. இருவரும் கறுப்பைத் தோண்டித் தள்ளிவிட்டு அடியில் இருந்த நீலத்துக்கு வந்திருந்தார்கள். மகிழின் உதட்டைச் சுற்றி, நாக்கில், முன்பற்களின் இடுக்கில் சாம்பல் நிறம். என்னைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள்.

"நீதானக்கா சுத்தமான மண்ணுன்னு சொன்ன" என்றாள் கலை. "அதான் விட்டேன்."

அவளை அறைந்திருப்பேன். அவள் சொன்னது உண்மையாக இல்லாமல் இருந்திருந்தால்.

விரலை விட்டு வாயைத் துடைத்தேன். கழுவத் தண்ணீர் கேட்டேன். பத்தடி தூரத்தில் போர் மோட்டார் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. வள்ளியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வீட்டுக்குள் ஓடி, காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மகிழுக்கு நான்கு முறை வாய் கழுவினோம், கை கழுவினோம், முகம் கழுவினோம். கேனில் பாதி போய்விட்டது. தனு தன் முறைக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றாள். வள்ளியம்மா கேனை மூடினார். முந்தானையை இழுத்துப் பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டார்.

"அவளுக்கும் கழுவுங்கம்மா" என்றேன்.

"இவளுக்குப் பழக்கம்தாம்மா" என்றார்.

என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே என்னை அதிகம் கோபப்படுத்திய வாக்கியம் அதுதான். அதை அவர் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று, மேல் மண் எப்படிப்பட்டது என்று, உப்பு ஏன் பூக்கிறது என்று. எனக்கும் தெரியும். எனக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நான் அதற்குப் படித்தவள். தெரிந்துதான் 'விலக்குக' என்று எழுதிவிட்டு, அதையே சீவி என் குழந்தை விளையாடும் இடத்துக்கு அனுப்பினேன்.

வேலையை அப்படியே நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகிழைக் கலையின் தோளில் போட்டு அறைக்கு அனுப்பிவிட்டு மறுபடி இறங்கினேன். மீதி இருந்த துண்டுகளை எடுத்து முடித்தேன். வெறுங்கையோடு வராதே என்று நெறியாளர் சொல்லியிருந்தாரே. ஏறி வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குவியலின் அடியிலிருந்து நீல மண்ணை இரண்டு கவரில் அள்ளிப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான்காம் நாள் காலை ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். இரவு மகிழ் நன்றாகத் தூங்கியிருந்தாள், வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. நான்தான் தூங்கவில்லை. மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். எல்லாக் குழந்தையும் மண் தின்னும் என்றார். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதினார். அது தோல் பதனிடும் கழிவு கலந்த மண், குரோமியம் இருக்கலாம் என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வாட்டி வாயில போட்டதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. அங்கயே இருந்து, தெனம் தெனம் உள்ள போனாத்தான் யோசிக்கணும். நீங்க எப்ப ஊருக்குக் கெளம்பறீங்க?"

நாளைக்கு என்றேன். "அப்ப கவலைய விடுங்க" என்றார்.

படியிறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ரோட்டுக்கு வருவதற்குள் அந்த லேசு போய்விட்டது. என் மகள் நாளைக்குக் கிளம்புவதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. கிளம்ப முடியாதவளைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று கலையோடு சண்டை. இந்தக் கம்பெனிகளையெல்லாம் இழுத்து மூட வேண்டும் என்று நான் ஏதோ பேசிவிட்டேன். அவள் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். "எங்க லைன்ல பாதிப் பொண்ணுங்க வீட்டுல வேற வருமானம் கெடையாது. தனு அம்மா சம்பளத்துலதான் அந்தக் கேன் தண்ணியே வாங்கறாங்க. மூடுன்னு சொல்றதுக்கு முன்னாடி நீ கால்ல போட்டுக்கறது எந்த ஊரு தோலுன்னு பாரு."

செருப்பைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அவள் சொன்னதற்காகக் கோபமும் குறையவில்லை. கழிவை அப்படியே ஆற்றில் விடுவதற்கும் கம்பெனியை மூடுவதற்கும் நடுவில் வேறு எதுவுமே இல்லாதது போல இவர்களை யார் நம்ப வைத்தார்கள்? ஒன்று நஞ்சு, இல்லாவிட்டால் பட்டினி என்று யார் இதை எழுதிக் கொடுத்தார்கள்? அவளிடம் இதைச் சொல்லவில்லை. மகிழ் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் தாமதம். கீழே வைத்தால் யாராவது உதைத்துவிடுவார்கள் என்று மண் துண்டுகள் இருந்த பெட்டியை மடியில் வைத்திருந்தேன். மகிழைக் கலை வைத்திருந்தாள். முனிரத்தினம் பிளாட்பாரத்தில் நடந்து வந்தார். தோளில் ஒரு கோணிப்பை. அதை என் காலடியில் வைத்தார். ஆறு தேங்காய். மட்டை உரித்து, குடுமி விட்டு, ஒழுங்காக. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார்.

கோணிப்பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். பிறகு சொன்னார்.

"அந்த மேல் மண்ணு ரெண்டு கவர்ல எடுத்தீங்களாம். வீட்ல பாத்திருக்கா."

ஆமாம் என்றேன்.

"அத டெஸ்ட்டுக்குக் குடுத்துடாதீங்க."

"ஐயா, தனுவும் அதத்தானே தின்னா" என்றேன்.

"தெரியும்மா. எங்கண்ணு முன்னாடிதானே வளர்றா." அவர் குரல் உயரவில்லை. "நீங்க டெஸ்ட் பண்ணி இன்னா ஆவும்? பேப்பர்ல எங்க ஊரு பேரு வரும். ஷாப்புக்காரன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. என்னைத்தான் பண்ணுவாங்க. இந்தத் தோப்பு போச்சின்னா அவளுக்கு இன்னா மிச்சம், நீங்களே சொல்லுங்க."

கவர்கள் இரண்டும் என் பையில்தான் இருந்தன.

"எழுதிக் குடுத்திருக்கீங்க. படிச்சவங்க கையெழுத்து" என்றார். மிரட்டவில்லை. நம்பிக்கையோடு சொன்னார். மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ரயில் வந்ததும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தது அவர்தான். எது மேல் எது கீழ் என்று அம்புக்குறியைப் பார்த்துச் சரியாக வைத்தார்.

ரயிலில் எதிரே இருந்த ஒரு மராட்டிக் குடும்பம், தேங்காயைப் பார்த்து ஆம்பூர்த் தேங்காயா, இனிக்குமா என்று கேட்டது. இனிக்கும் என்றேன். கொடுக்கவில்லை. மகிழுக்கும் அந்தத் தேங்காயில் ஒரு சில்லுகூடக் கொடுக்கவில்லை. தேங்காயில் அப்படி எதுவும் ஏறியிருக்கும் என்பதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. வியாபாரியின் வண்டி வராமல் போனதைக் கேட்டு எவ்வளவு கொதித்தேன். அந்த வியாபாரி செய்ததையே நானும் செய்தேன். புனேயில் வந்து ஒரு தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்து நானே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மீதி ஐந்தும் அப்படியே இருக்கின்றன.

கறுப்புக் களியைப் பார்க்கும் வேலை நன்றாகப் போகிறது. அந்த இலையைச் சுற்றி நீர்ச்செடிகளின் மகரந்தம் ஏராளம். பாலாற்றோரத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நின்ற காலம் ஒன்று இருந்தது என்று கொஞ்ச நாளில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நெறியாளர் முதல் முறையாகப் பாராட்டினார். அந்தச் சாக்கில் இரண்டு கவர்களைப் பற்றியும் கேட்டேன். அது நம் தலைப்பில் இல்லை என்றார். வேண்டுமானால் செய்துகொள், கருவி அடுத்த மாதம் காலியாக இருக்கும், ஆனால் எடுத்த இடத்தைப் பதிவேட்டில் சரியாக எழுத வேண்டும் என்றார். இடம் தெரியாத மண்ணை எங்கள் கூடத்தில் யாரும் கருவியில் ஏற்ற மாட்டார்கள். பொய்யாக வேறு இடத்தை எழுதலாம். எழுதினால் வரும் விடையை யாருக்கும் காட்ட முடியாது. உண்மையை எழுதினால் முனிரத்தினத்தின் தோப்பு காகிதத்தில் ஏறிவிடும், அதன் பிறகு அது என் கையில் இல்லை.

கணவரிடம் கேட்டேன். வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான் என்றார். பிறகு மகிழைத் தூக்கிக்கொண்டு, அப்படியும் சொல்ல முடியவில்லை என்றார். கலை போனில், "தனு தாத்தா கிட்ட நேர்ல வந்து சொல்லிட்டு அப்பறம் செய், இல்லன்னா செய்யாத" என்கிறாள். நேரில் போய்ச் சொன்னால் அவர் வேண்டாம் என்பார். அதன் பிறகு செய்தால் அது துரோகம். சொல்லாமல் செய்தால் அதுவும்தான். செய்யாமல் இருந்தால், ஒருத்திக்குக் கேன் தண்ணீர், ஒருத்திக்கு முந்தானை என்று நடந்ததை நானும் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

இதைப் படிப்பவர்களில் ஆற்றோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். தோல் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்கள் இருப்பீர்கள். கொடுத்த கையெழுத்தை எப்போதாவது மீறியவர்களும், மீறாமல் இருந்துவிட்டு வருந்துபவர்களும் இருப்பீர்கள். கருவி எனக்குக் கிடைக்கும் நாளுக்குள் எழுதுங்கள். மனசாட்சிப்படி செய் என்று மட்டும் எழுதாதீர்கள், அது என்னிடம் இரண்டு பக்கமும் பேசிக் களைத்துவிட்டது. சோதனை செய் என்பவர்கள், அதற்குப் பிறகு முனிரத்தினத்தின் முன்னால் போய் நின்று நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். செய்யாதே என்பவர்கள், தனு வளர்ந்து என்னைத் தேடி வந்து கேட்டால் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதுங்கள்.